கரண்ட்டுக்கார சார்

முதல் பென்டிரைவை அந்த டிஷ் பெட்டி மதிக்கவே இல்லை. சொருகினேன், எடுத்தேன், வாயால் ஊதினேன், திரும்பச் சொருகினேன். 'யுஎஸ்பி இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி டிவி திரையில் வந்து நின்றது. என் முதுகுக்குப் பின்னால் சிங்காரவேலு மூச்சுகூட விடாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி மாரியம்மாள் இடது காலில் தொடைவரை மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருங்க, இதுக்கெல்லாம் வைத்தியம் வச்சிருக்கேன்" என்று சட்டைப்பையிலிருந்து இரண்டாவது பென்டிரைவை எடுத்தேன். அப்படித்தான் நான். எதற்கும் மாற்று ஒன்று கையில் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் டிஷ் பெட்டி மக்கர் பண்ணினால் "பதினேழாவது பிளாக் குஞ்சிதபாதத்தைக் கூப்பிடு" என்பார்கள். தெர்மல் மின்நிலையக் கண்ட்ரோல் ரூமில் வேலை, பர்மனென்ட். அப்பாவும் பர்மனென்ட். நான் பிறந்ததே குவார்ட்டர்ஸில்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நான் மொட்டைமாடியில் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். மாதச் சந்தா கட்டாமல் வானத்திலிருந்து சும்மா வருகிற சேனல்களைப் பிடிப்பதில் ஒரு போதை. அந்தச் சேனல்காரர்கள் படம் அனுப்புகிற முறையைத் திடீரென்று மாற்றிவிடுவார்கள். பழைய பெட்டிக்கு அது புரியாது. அப்போது இன்டர்நெட்டில் தேடி, அந்தப் பெட்டிக்கு என்றே எழுதிய புது சாஃப்ட்வேரை இறக்கி, பென்டிரைவில் போட்டு, பெட்டியின் மண்டைக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்துப் படம் வந்ததும் அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் இவ்வளவும்.

சிங்காரவேலு என்னைக் கேட்டது வியாழக்கிழமை. எங்கள் யூனிட்டில் காண்ட்ராக்ட் ஆள். கேபிள் பள்ளம் சுத்தம் செய்வான், பேனல் தூசு தட்டுவான், டீ வாங்கி வருவான். பதினோரு வருஷமாக என் கண்முன்னால் இருக்கிறவன், ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கு ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"சார், ஒரு சின்ன ஒதவிங்க சார். எங்க வூட்டு டிஷ் பொட்டியில ஸ்போர்ட்ஸ் சேனலு மட்டும் படம் வரமாட்டேங்குது. சத்தம் வந்துகினு இருக்குது."

"ஏன், கிரிக்கெட் பார்க்கணுமா?"

"இல்லீங்க சார். எங்க அபி ஆடுது."

அவன் மகள் அபி பிளஸ் ஒன். விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளின் கபடியில் தமிழ்நாட்டு அணிக்குத் தேர்வாகி போபாலுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றேகாலுக்குக் கடைசி ஆட்டம், நேரடி ஒளிபரப்பு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னான். அவள் ஆடி மாரியம்மாள் ஒருதடவைகூடப் பார்த்ததில்லையாம். பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற கொட்டகையில் நாள் முழுக்க வேலை. அதோடு பிடிக்கவும் இல்லை. டவுசர் போட்டுக்கொண்டு ஊர் ஊராக என்னடி ஆட்டம் என்று சண்டை. விடுதிக்கு அனுப்பிய நாளிலிருந்து தாயும் மகளும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் மூட்டையோடு வழுக்கி விழுந்து காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து படுத்த பிறகு, அவளே ஒருநாள், "அந்த டிவியில நம்ம பொண்ணு வந்தா எனுக்குக் காட்டு" என்றிருக்கிறாள்.

"ஒம்போதுக்கே வந்துட்டீங்கன்னா நல்லதுங்க சார்" என்றான். பதினொன்றேகால் ஆட்டத்துக்கு ஒன்பது மணிக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பயந்த சுபாவம், அப்படித்தான் சொல்வான் என்று விட்டுவிட்டேன். இது 2012 நவம்பரில்.

சேத்தியாத்தோப்பு ரோட்டில் போய் உள்ளே ஒதுங்க வேண்டும். என் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். நான் போய்ச் சேர ஒன்பது இருபது ஆகிவிட்டது. ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், அரசாங்கம் கொடுத்த டிவி. உட்கார்ந்ததுமே சிங்காரவேலு மூடி கழற்றாத கலர் சோடா பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். பக்கத்தில் ஸ்ட்ரா. அவர்கள் வீட்டு டம்ளரில் நான் குடிப்பேனா மாட்டேனா என்று யோசித்து முன்கூட்டியே கடைக்குப் போய் வந்திருக்கிறான். புரிந்தது. புரிந்தும், ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தேன்.

இரண்டாவது பென்டிரைவைப் பெட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் ஃபைலைக் காணோம் என்றது. அதற்கும் காரணம் எனக்குத் தெரியும்: நான் ஃபோல்டருக்குள் போட்டிருந்தேன், அது வெளியே தனியாகக் கிடந்தால்தான் எடுக்கும். கையோடு கொண்டுபோன லேப்டாப்பில் வெளியே எடுத்துப் போட்டேன். பெட்டியைக் கவிழ்த்து அடியிலிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். ஒரே பெயரில் இரண்டு வகைப் பெட்டி உண்டு. ஒன்றின் சாஃப்ட்வேரை இன்னொன்றில் ஏற்றினால் கதை முடிந்தது. ஒருதடவைக்கு இரண்டு தடவை எண்களை ஒத்துப் பார்த்தேன். இவ்வளவு ஜாக்கிரதை! ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஓகே பட்டனை அழுத்தினேன். நீலப் பட்டை ஒன்று ஓட ஆரம்பித்தது. அதன் கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

"பார்த்துக்கங்க" என்றேன், பாடம் எடுக்கிற வாத்தியார் மாதிரி. "இது நூறு வர்ற வரைக்கும் யாரும் சுவிட்சுல கை வைக்கக் கூடாது. நடுவுல கரண்ட் நின்னா பெட்டி செத்துடும். அப்புறம் பிரம்மனே வந்தாலும் எழுப்ப முடியாது."

சிங்காரவேலு மாரியம்மாளைப் பார்த்தான். மாரியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் வேண்டாம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினான். என் வித்தையைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். கடவுளே.

அந்தப் பட்டை மெதுவாக ஓடியது. நாற்பது. ஐம்பத்தொன்று. பழைய பெட்டி, அதன் வேகம் அவ்வளவுதான். அறுபத்து மூன்று என்று காட்டியபோது திரை இருண்டது. மின்விசிறி சுற்றுவதைக் குறைத்துக்கொண்டே வந்து நின்றது. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி பாதியில் அடங்கியது. யாரும் ஒரு சத்தமும் போடவில்லை. எங்கள் பிளாக்கில் இரண்டு நிமிஷம் கரண்ட் போனால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். இங்கே சிங்காரவேலு நிதானமாக எழுந்துபோய் ஜன்னல் கதவைத் திறந்துவைத்தான்.

"என்ன ஆச்சு? ஃபியூஸா?"

"இல்லீங்க சார். பத்து மணி."

"பத்து மணின்னா?"

"பத்துலேர்ந்து பதினொண்ணு இருக்காதுங்க சார். அப்பறம் வரும். பன்னெண்டுக்குத் திரும்பப் போவும். ஒரு மணி உட்டு ஒரு மணி."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "யோவ், தெரிஞ்சுகிட்டே ஏன்யா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அடுத்தவன் வீட்டில், அவன் மனைவியின் முன்னால், உரத்த குரலில் கத்தினேன். சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டான். கட்டிலிலிருந்து மாரியம்மாள்தான் பேசினாள்.

"அவர ஏசாதீங்க சார். நீங்க கரண்ட்டு தயார் பண்ற எடத்துல இருக்கறவரு. உங்களுக்குத் தெரியாததையா நாங்க சொல்லப்போறம்? இன்னிக்கி ஒருநாளைக்கு நிறுத்த வேணாம்னு சொல்லிட்டு வந்திருப்பீங்கன்னு நெனச்சம்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறாள். ஐம்பது வயதில் என் ஆயுசுக்கும் நேரம் சொல்லி வைத்துக் கரண்ட் போய் நான் பார்த்ததில்லை. முந்தின வருஷக் கடைசியில் தானே புயல் அடித்தபோது டவுன்ஷிப் சில நாள் இருட்டில் கிடந்தது, அவ்வளவுதான். மாநிலம் முழுக்க மின்வெட்டு என்று பேப்பரில் தினமும் படிக்கிறேன். கண்ட்ரோல் ரூம் திரையில் தேவை இவ்வளவு, உற்பத்தி இவ்வளவு என்று எண்கள் ஏறி இறங்குவதை எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஓர் எண் இறங்குவது என்றால் எங்கேயோ ஒரு மின்விசிறி நிற்கிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஒன்பது மணிக்கே வரச் சொன்னானே, அதற்காவது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"பதினொண்ணுக்குக் கரண்ட்டு வந்தா பொட்டி எழும்புமாங்க சார்?" என்று சிங்காரவேலு கேட்டான்.

"எழும்பாது."

மாரியம்மாள் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். "சத்தமாவது வந்துகினு இருந்துச்சி."

நான் எழுந்துவிட்டேன். "என் வீட்டுப் பெட்டியைக் கொண்டாறேன். புதுப் பெட்டி, அதுல வரும். டிஷ்ல யாரும் கை வைக்காதீங்க" என்று பைக்கை உதைத்தேன். பாதி வழியில், சாம்பல் லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு போகும்போது, இன்னொரு வழி மனசில் பட்டது. ஒரு ஆட்டோ பிடித்து மாரியம்மாளை என் வீட்டுக்கே கூட்டி வந்திருக்கலாம். கரண்ட் போகாத வீடு, பெரிய டிவி, சோபா. காலை நீட்டி உட்காரவைத்திருக்கலாம். கட்டுப்போட்ட காலோடு ஆட்டோவில் எப்படி என்று உடனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு அவள் ஆட்டோவில்தான் போய் வருகிறாள் என்று சிங்காரவேலு சொல்லியிருக்கிறான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் யார் இவங்க என்று கேட்பார்களே என்பதுதான் என் யோசனை. வேறொன்றும் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் என் மனைவி ஆதிலட்சுமி சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வத்தக்குழம்பில் வெல்லம் போடுகிற நேரத்தில் பெட்டியைப் பிடுங்கினேன்.

"ஏங்க, என்ன அக்கிரமம் இது? எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"சிங்காரம் வீட்டுக்கு. அவன் பெட்டி என்னால போச்சு."

"யாரு சிங்காரம்?"

பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் எட்டு மணி நேரம். என் வீட்டில் அவன் பெயர் தெரியாது. ஒயரைச் சுருட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஆதிலட்சுமிக்குக் கோபம் அடங்கி, முகம் மாறிவிட்டது. மஞ்சள் பையைக் கொண்டுவந்து பிடித்தாள்.

"ஏங்க, மொதல்லயே இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே?"

அட, ஆமாம். நான்கு திருகு, இரண்டு ஒயர். எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் என்ன. அதில் வித்தை ஏது, கைதட்டல் ஏது? பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஒன்பது. கரண்ட் வந்திருந்தது. அறை நிறைய ஜனம். அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளுமாகத் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டிஷ் ஒயரைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றும்போது அதன் முகத்தில், சேனல் எண் தெரிய வேண்டிய இடத்தில், சிவப்பாக நான்கு கோடு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, ஓர் எழுத்து இல்லை. என் பெட்டியை மாட்டி, அவர்கள் டிஷ்ஷுக்குத் தக்கபடி எண்களைப் போட்டு, தேடவிட்டேன். சேனல் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பதினொன்று பத்தொன்பதுக்குப் படம் வந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் திரும்பி வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். அன்றைக்குத் திரும்பவில்லை. தாகமாக இருந்தது. மூலையில் குடத்தின் மேல் கவிழ்த்திருந்த சொம்பை நானே எடுத்து மொண்டு குடித்தேன். சிங்காரவேலு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் ஆரம்பிக்கவில்லை. மாலை போட்ட ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். அவர் முடித்ததும் இன்னொருவர். பதினொன்று முப்பது. "நேரமாவுதே, நேரமாவுதே" என்று ஒரு கிழவர் வாசலில் நின்று முனகினார். அங்கே இருந்த யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டார்கள். பேச்சின் நடுவே, சிரிப்பின் நடுவே, ஒவ்வொருவர் கண்ணும் ஒருதடவை மேலே போய் வந்தது. பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு விசில் ஊதினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி ஆட்டம் கிடைக்கும். அதுவும் நிச்சயமில்லை.

"எங்க? அபி எங்க?" மாரியம்மாள் கட்டிலிலிருந்து எம்பினாள்.

"அதோ, ஏழாம் நம்பரு" என்றான் சிங்காரவேலு.

"அதுவா? அது யாரோ பையனாட்டம் இருக்குது."

"முடிய வெட்டிகிச்சிடி."

மாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இடுப்புவரை இருந்த முடி, வாரம் ஒருநாள் இவள்தான் எண்ணெய் வைத்துச் சீவி விடுவாளாம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "கழுத்து எவ்ளோ நீளமா இருக்குது பாரு எம்பொண்ணுக்கு" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். அழுதுகொண்டே, கண்ணைத் துடைத்தால் அந்த ஒரு நொடி போய்விடும் என்று துடைக்காமலே பார்த்தாள்.

அபி நன்றாக ஆடினாள். எனக்குக் கபடி ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும்போது எதிரணிப் பெண்கள் ஓரடி பின்னால் போனது தெரிந்தது. இரண்டு தடவை தொட்டுவிட்டு வந்தாள். ஒருதடவை நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள், கீழே விழுந்தாள். "ஐயோ, என் தங்கமே, காலு!" என்று மாரியம்மாள் தன் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அபி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டு. பதிமூன்றுக்குப் பதிமூன்று. பாதி ஆட்டத்தின் கடைசி ரெய்டு. ஏழாம் நம்பர் கோட்டைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். யாருக்கோ காலில் அடி, ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தினார்கள். ஐம்பத்தொன்பது. சிங்காரவேலு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். மாரியம்மாள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னாள்.

"சார், ஒரே ஒரு நிமிசம் உட்டு நிறுத்தச் சொல்லுங்க சார். எம்பொண்ணு உள்ள போவுது."

பெட்டியைக் கொன்ற பிறகும் அவள் என்னை நம்பினாள். என் கண்ட்ரோல் ரூமுக்கும் இந்த ஊரின் சுவிட்சுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது எங்கேயோ வேறு ஆபீஸ், வேறு ஆள்; அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதை அவளுக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் செல்போனை எடுத்து, ஷிப்டில் இருக்கும் தனகோட்டியின் நம்பரை அழுத்திக் காதில் வைத்தேன். அவன் எடுத்தால் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியாது. அறையில் இருந்த எல்லாரும் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசில் ஊதினார்கள். அபி கோட்டைத் தாண்டினாள். வாய் விடாமல் அசைந்தது. கட்டிலில் மாரியம்மாளின் வாயும் அதேபோல், சத்தமில்லாமல், மூச்சு விடாமல் அசைந்துகொண்டிருந்தது. கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டில் வந்து நின்றது. என் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தேன்.